அம்பாசமுத்திரத்துல ஒரு 1999 வோல்னே

போன ஆடி மாசம் நடந்தது. பிரான்ஸ்ல வேலை பார்க்கிற கூட்டாளி லீவுக்கு வரும்போது ஒரே ஒரு பாட்டில் கொண்டு வந்தான். 1999 வோல்னே. பர்கண்டியில ஒரு சின்ன ஊர் அது. அங்க பீனோ நுவார் திராட்சையில செய்யிற சிவப்பு ஒயின், மென்மைக்குப் பேர் போனது. அந்தத் திராட்சைக்குத் தோல் மெல்லிசு, நிறமும் துவர்ப்பும் இளசுலயே கம்மிதான்.

எனக்கு உள்ளுக்குள்ள பயம். மூணு வருசத்துக்கு முன்னால இதே மாதிரி ஒரு பழைய பாட்டிலை, காத்தாடட்டும்னு ஒரு மணி நேரம் முன்னாடியே கண்ணாடி ஜாடியில ஊத்தி வச்சேன். குடிக்க உட்கார்ந்தப்போ வாசனை பறந்துபோய் புளிப்பு மட்டும்தான் மிச்சம். இளசான முரட்டு ஒயினுக்குக் காத்து நல்லது, பழசு அதைத் தாங்காது. அதனால இந்தத் தடவை ஜாடியே வேண்டாம்னுட்டேன்.

வண்டல் அடியில உட்காரட்டும்னு பாட்டிலை ரெண்டு நாள் நட்டமா நிறுத்தி வச்சோம். சாரல் காலம்னாலும் வீட்டுக்குள்ள 28 டிகிரி. ஐஸ் தண்ணி வாளியில கால் மணி நேரம் வச்சு 16க்குக் கொண்டுவந்தோம். கார்க் ஈரப் பஞ்சு மாதிரி இருந்தது, திருகினா உதிர்ந்திரும். அண்ணாச்சி ரெண்டு தகடு வச்ச திறப்பானை ரெண்டு பக்கமும் மெல்ல மெல்ல ஆட்டி இறக்கி, முழுசா எடுத்துட்டாக. அப்புறம் ஆறு கிளாசையும் நெருக்கி வச்சு, பாட்டிலை நிமிர்த்தாமலே வரிசையா ஊத்தினாக. நிமிர்த்தினா வண்டல் கலங்கிரும். பாட்டில் கழுத்துக்குப் பின்னால நான் டார்ச் பிடிச்சேன். கறுப்பா ஒரு இழை கழுத்தை எட்டினதும் "போதும்"னேன். ஆளுக்கு நூறு மில்லிக்குக் கொஞ்சம் கூட.

கிளாசுல ஒயினோட ஓரத்துல சிவந்த தேரி மண் நிறம். முதல் அஞ்சு நிமிசம் ஒண்ணுமே இல்லை, மதினி தலையில இருந்த மல்லியப்பூ வாசம்தான் வந்தது. அவங்களே சிரிச்சுக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டாங்க. பிறகுதான் ஒயினோட வாசனை திறந்தது. மழை விட்டதும் ஐந்தருவிப் பாதையில மக்கின இலை மணக்குமே, அது. அதுக்கடியில காளான், காய்ஞ்ச ரோஜா இதழ். வாயில எடையே தெரியலை, ஆனா முழுங்கின பிறகும் ரொம்ப நேரம் நாக்குல நின்னது. யாரும் பேசலை.

கூட என்ன சாப்பிடன்னு பெரிய வாக்குவாதம் நடந்திருந்தது. கறிக்குழம்பு வச்சா மசாலாவே அதை அமுக்கிரும்னு நான் ஒத்துக்கலை. மதினி சொதி வச்சாங்க, காரம் குறைச்சு. தேங்காப்பாலும் பாசிப்பருப்பும் அந்த ஒயினோட அப்படிப் பொருந்திச்சு. இஞ்சித் துவையலை மட்டும் யாரும் தொடலை. சொதிக்கு அது இல்லாம சாப்பிட்டது என் வாழ்க்கையில அன்னைக்குத்தான்.

அண்ணாச்சி பாதி கிளாசைக் கடைசிக்குன்னு வச்சிருந்தாக. முக்கால் மணி நேரம் கழிச்சு எடுத்து மோந்தாக, என்கிட்ட நீட்டினாக. ஆறிப்போன கட்டன் சாயா வாசம்.

"போயிட்டு வே," அப்படின்னாக.