டிராக்டர் எத்தனை டன் இழுக்கும்? அவசரம்

உசிலை பாண்டி: அண்ணே, 45 எச்பி டிராக்டர். புத்தகத்தில் 1600 கிலோ என்று போட்டிருக்கிறது, ஆனால் இங்கே எல்லாரும் டிரெய்லரில் ஒரு யூனிட் எம்-சாண்ட் அடிக்கிறார்கள். நாளைக் காலையில் ஆண்டிபட்டி கணவாய் தாண்ட வேண்டும். ஏற்றலாமா?

மேலூர்க்காரன்: எந்த டிராக்டர்? டிரெய்லர் ரெண்டு சக்கரமா, நாலா? அதற்குப் பிரேக் உண்டா? ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

வைகைக்கரை: 45 எச்பிக்கு யோசிக்கவே வேண்டாம் தம்பி. எங்கள் 39 எச்பி வண்டியே கரும்பு இழுக்கிறது. பின் டயரில் தண்ணீர் நிரப்பு, பிடிப்பு தானாக வரும்.

பழைய ஸ்பேனர்: இதற்குப் பத்துத் தடவை பதில் எழுதிவிட்டேன், யார் படிக்கிறார்கள்? அந்த 1600 ஹைட்ராலிக் தூக்கும் எடை, கலப்பையையும் ரோட்டவேட்டரையும் தூக்குவதற்கு. இழுக்கிற கணக்கே வேறு. டிரெய்லர் ஆர்சியை எடு, சரக்கோடு சேர்த்த மொத்த எடையான லேடன் வெயிட்டில் காலி எடையான அன்லேடன் வெயிட்டைக் கழி, மிச்சம்தான் சரக்கு. அதுவும் டிராக்டர் கம்பெனி சொன்ன இழுவை அளவுக்குள் இருக்க வேண்டும். எச்பி மேட்டில் ஏறத்தான் உதவும். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் இறக்கத்தில் அத்தனை டன்னும் உன் முதுகில்தான் வந்து இடிக்கும்.

மேலூர்க்காரன்: ஒரு யூனிட் 100 கன அடி. காய்ந்த மணலே நாலரை டன் பக்கம் வரும்.

வைகைக்கரை: நாலுதான்.

மேலூர்க்காரன்: ஈரத்தோடு எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வைகைக்கரை: முதலில் பெட்டியை டேப் வைத்து அளந்து பாருங்கள் அய்யா. 80 கன அடியை யூனிட் என்று தலையில் கட்டுகிறார்கள், அதைக் கேட்க ஆளில்லை.

நத்தம் ரோடு: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ரெண்டு சக்கர டிரெய்லர் என்றால் சரக்கு அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கட்டும். பின்னால் குவித்தால் கொக்கியைத் தூக்கிவிடும், பின் சக்கரம் வழுக்கும். ஒரேயடியாக முன்னால் குவித்தால் மேட்டில் டிராக்டரின் முன் சக்கரம் லேசாகும், ஸ்டீயரிங் கேட்காது. ரோட்டில் ரெண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டிவிடு, இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி திரும்பிவிடும். இறக்கத்தில் நியூட்ரல் போடவே போடாதே.

உசிலை பாண்டி: ஆர்சி பார்த்தேன். லேடன் 5000 கிலோ, அன்லேடன் 1400. மிச்சம் 3600தான், ஒரு யூனிட் தாங்காது. பிரேக் இல்லை. லாரி சொல்லிவிட்டேன், கொத்தனார் திட்டுகிறார். நன்றிண்ணே.

மேலூர்க்காரன்: எந்த டிராக்டர் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லையே?