மறு: மறு: ‘அறிஞர் கல்’ வேண்டாம், வேறு சொல் தாருங்கள் (வெள்ளிக்கிழமைக்குள்)

குழுவினருக்கு வணக்கம்.

சீனச் சிற்பி ஜான் வாங் பற்றிய கட்டுரை ஒன்றை வெள்ளி மாலைக்குள் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். பெய்ஜிங்கில் 1962இல் பிறந்தவர். சீனத் தோட்டங்களில் ஓட்டையும் ஒடிசலுமாக நிற்கும் பாறைகள் உண்டல்லவா? அவற்றின் மேல் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டைப் பொருத்தி, மேடுபள்ளமெல்லாம் பதியும்வரை தட்டுகிறார். பிறகு தகடுகளைக் கழற்றிப் பற்றவைத்து, ஒட்டு தெரியாமல் மெருகேற்றுகிறார். உள்ளே கல் கிடையாது. எதிரே நிற்பவரின் முகமும் பின்னாலிருக்கும் கட்டடமும் அதில் நெளிகின்றன. 1995இல் தொடங்கிய இந்த வரிசைக்கு அவர் இட்ட பெயர் ‘ஜியாஷான்ஷி’. ஜியா என்றால் பொய், ஷான் மலை, ஷி கல். ஆங்கில மூலம் அசல் பாறையை ‘அறிஞர் கல்’ என்கிறது. பதினோரு இடத்தில் வருகிறது. உதவுங்கள்.
– ம.

அம்மா, ‘அறிஞர் கல்’ என்றால் அறிஞருக்கு நட்ட கல் என்றுதான் படிப்பார்கள். நடுகல் கண்ட மரபு நம்முடையது. மேலும் தமிழ்நாட்டில் அறிஞர் என்றால் ஒருவர்தான். மி ஃபூ என்ற, சீனத்தில் சோங் அரசமரபுக் காலத்து ஓவியர் ஒரு பாறையை வணங்கி ‘அண்ணா’ என்று அழைத்ததாகக் கதை உண்டு. குழப்பம் முழுமையாகிவிடும்.

சொல் நம்மிடமே இருக்கிறது: செய்குன்று, அதாவது சோலையில் செயற்கையாக அமைத்த குன்று. மணிமேகலையில் அரசன் உலாவும் சோலையில் ‘எந்திரக் கிணறும் இடுங்கற் குன்றமும்’ வருகின்றன. ‘ஜியாஷான்’ அதுதான். தனிப் பாறையைச் செய்குன்றக் கல் எனலாம்.
– செ.

செ. ஐயா சொன்னதற்கு ஒரு வலு சேர்க்கிறேன். ‘குன்று’ என்பதே குன்றுதல் என்ற வினையிலிருந்து வந்தது என்பது என் நெடுநாள் எண்ணம். குன்றிய மலை குன்று. சீனர் மேசைமேல் வைக்கும் கையளவுக் கல்லும் குன்றிய மலைதானே? இன்னொன்று: சேண் என்றால் உயரம். ஷான், சேண் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்...
– கு.

பார்க்க வேண்டாம். இந்தக் குழுவில் சீனம் தமிழிலிருந்து பிறப்பது இது மூன்றாம் முறை.

எனக்கு ‘செய்’ இடிக்கிறது. சீனத்தின் தை என்னும் ஏரியிலிருந்து எடுத்த சுண்ணாம்புக்கல் இயற்கையாக அரிக்கப்பட்டது. அதன் பெருமையே அதுதான். மெலிவு, ஊடுதெரிதல், துளை, சுருக்கம் என்று நான்கு இலக்கணம் வைத்து அதை மதிப்பிட்டார்கள். ‘செய்’ என்ற சொல் அந்த எஃகு உருவுக்கு மட்டுமே பொருந்தும்.
– இரா.

தம்பி, அந்த இயற்கையிலும் கைவேலை உண்டு. தை ஏரிக் கல்லில் உளியால் துளையிட்டு, உளித்தடம் மறையத் திரும்ப ஏரிக்குள்ளேயே போட்டுவைப்பார்கள். அலை அடித்து அடித்து ஆண்டுக்கணக்கில் அது ‘இயற்கை’ ஆகும். கல்லே பாதிப் பொய். சிற்பி செய்தது பொய்க்கு ஒரு பொய். ஆகவே ‘செய்’ இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் ‘ஜியா’வில் உள்ள பொய் அதில் ஒலிக்கவில்லை. என் குறை அது.

அவர் செய்முறையைப் படித்ததும் எனக்குக் கோயில்தான் நினைவுக்கு வந்தது. மூலவரின் கல்மேனிக்கு ஏற்பத் தகடு தட்டி வெள்ளிக்கவசம் செய்கிறார்களே, அதுதான் இது. சாமியை எடுத்துவிட்டுக் கவசத்தை மட்டும் நிறுத்தினால் ஜான் வாங். கவசக்கல் என்று சொல்லிப் பாருங்கள்.
– வ. அக்கா

அருமையான உவமை, வடமொழிச் சொல். கவசத்துக்குப் பதிற்றுப்பத்துச் சொல் மெய்ம்மறை. மெய் என்றால் உடல், மெய் என்றால் உண்மை. உடலை மறைப்பது, உண்மையை மறைப்பது. ‘ஜியா’ முழுதாக உள்ளே வந்துவிட்டது. மெய்ம்மறைக்கல்! இதைவிட வேறென்ன வேண்டும்?
– செ.

ஐயா, சொல் அழகுதான். இரவு என் மகளிடம் படித்துக் காட்டினேன். ‘ஏதோ வேதம் பொறித்த கல்லா?’ என்றாள். மறை என்றால் அவளுக்கு அதுதான். பதினோரு இடத்திலும் நான் விளக்கம் எழுத முடியாது.

இன்னொரு தொல்லை. ‘துருப்பிடிக்காத எஃகு’ ஒவ்வொரு வரியையும் நீட்டுகிறது. எவர்சில்வர் என்று போடலாமா?
– ம.

கலைக் கட்டுரையில் எவர்சில்வரா? டிபன் டப்பா ஞாபகம் வரும்.
– இரா.

வரட்டுமே. இதே சிற்பி எவர்சில்வர் பானை, தட்டு, கரண்டிகளை அடுக்கி பெய்ஜிங், லண்டன், சான் பிரான்சிஸ்கோ நகரங்களின் தோற்றத்தையே செய்திருக்கிறார். டப்பா ஞாபகம் வருவதுதான் சரி. புதுக் கட்டடங்களுக்கு முன்னால் பழைய பாறை பொருந்தாமல் நிற்கிறது, அதையும் பளபளப்பாக்குவோம் என்பதுதானே அவர் யோசனை? நம் வீடுகளிலும் பித்தளை போய் அது வந்தது இதே பளபளப்புக்காகத்தான்.
– வ. அக்கா

2000இல் ஒரு எஃகுப் பாறையைக் கடலில் பன்னிரண்டு கடல்மைலுக்கு அப்பால் மிதக்கவிட்டார். கண்டெடுப்பவர் திரும்பக் கடலிலேயே விடுக என்று அதன் மேல் பல மொழிகளில் பொறித்திருந்தது. மிதக்கும் கல்லுக்கு நாம் என்ன பெயர் வைப்பது? தேவாரத்தில் கல்லே தெப்பம்...
– கு.

கு. ஐயா, அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள். நாவுக்கரசர் பிடித்தது திடக்கல், இது உள்ளே வெறும் காற்று.
– இரா.

எல்லாருக்கும் நன்றி. நேரமாகிவிட்டதால் அனுப்பிவிட்டேன். அசல் பாறை ‘செய்குன்றக் கல்’, சிற்பம் ‘பொய்க்குன்று’, பொருள் எவர்சில்வர். வ. அக்காவின் வெள்ளிக்கவச உவமையை ஒரு வரியாகச் சேர்க்க ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். மூவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு, கு. ஐயா கடலில்.
– ம.

எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மெய்ம்மறை என்றாவது ஒருநாள் வரும்.

அது இருக்கட்டும். முதல் மடலில் ‘எஃகுத் தகடு’ என்று எழுதியிருந்தீர்கள். ஆய்தத் தொடருக்குப் பின், அதாவது ‘எஃகு’ போல ஈற்று உகரத்துக்கு முன் ஆய்தம் நிற்கும் சொல்லுக்குப் பின், வல்லினம் மிகாது என்பது தொல்காப்பியம். எஃகு தகடு என்றுதான் வர வேண்டும்.
– செ.

ஐயா, அது ‘எஃகு கடுமை’ போன்ற தொடருக்கு. எஃகாலாகிய தகடு என்று விரியும்போதுமா?
– இரா.