ஓவியமும் ரெஃபரன்ஸ் போட்டோவும் பொருந்தவில்லை, எங்கே தப்பு? (அவசரம்)

புதுத்தூரிகை:
வணக்கம். ஒரு முகம் வரைந்து கிட்டத்தட்ட முடித்துவிட்டேன். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ஓவியத்தைப் போட்டோ எடுத்து கிம்ப்பில் (படம் திருத்தும் மென்பொருள்), நான் பார்த்து வரைந்த ரெஃபரன்ஸ் போட்டோவின் மேல் ஒரு லேயராக வைத்தேன். டிஃபரன்ஸ் மோட் போட்டால் முகம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். தாடை பெரிதாக இருக்கிறது, நெற்றி சிறுத்திருக்கிறது, மொத்த முகமும் ஒல்லியாகத் தெரிகிறது. நேரில் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நாளை மறுநாள் கொடுத்தாக வேண்டும். தாடையை மூடிவிட்டுத் திரும்ப வரையட்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கரிக்கோல்:
பொறுங்கள், தாடையைத் தொடாதீர்கள். சில விவரம் தெரியாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. ஓவியத்தை எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தீர்கள்? கேன்வாஸ் அப்போது எங்கே இருந்தது, சுவரிலா, ஈசலிலா (ஓவியம் வைக்கிற தாங்கி), தரையிலா? என்ன அளவு? ஆயிலா அக்ரிலிக்கா? ஆயில் இன்னும் காயவில்லை என்றால் திருத்துகிற வழியே வேறு.

நிழற்கணக்கு:
எனக்கு இது வெளிச்சத்தின் வேலையாகத்தான் படுகிறது. டிஃபரன்ஸ் மோட் ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு லேயரின் எண்ணிலிருந்து இன்னொன்றைக் கழித்துக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றானால் கறுப்பு. ஓவியத்தை மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்திருந்தால், ஒரு கோடுகூட விலகாமல் இருந்தாலும் முகம் முழுக்க நீலம் பூத்த மாதிரி காட்டும். ஃபோன் கேமரா எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) வைட் பேலன்ஸையும் (நிறச் சமன்) தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும், அது வேறு.

முதலில் இரண்டு லேயரையும் கறுப்பு வெள்ளையாக்குங்கள். கிம்ப்பில் டீசாச்சுரேட் போனால் லூமினன்ஸ், லைட்னஸ் என்று பல வழிகள் இருக்கும். லூமினன்ஸையே எடுங்கள். அதில் பச்சைக்குச் சுமார் 72%, சிவப்புக்கு 21%, நீலத்துக்கு 7% என்று கண் உணர்கிற விகிதத்தில் கணக்கு நடக்கும். லைட்னஸ் எடுத்தால் சுத்தமான மஞ்சளும் சுத்தமான நீலமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அதை வைத்து ஓவியத்தின் இருட்டு, வெளிச்சத்தை எடை போட்டால் தவறான முடிவுக்குத்தான் போவீர்கள்.

அளவுகோல்:
மாதம் தவறாமல் இதே கேள்வி வருகிறது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் பார்க்கலாம். நான் முன்பே விளக்கமாக எழுதியிருக்கிறேன். அடிப்படை இதுதான்: அளவெடுத்து வரையப் பழகாதவர்கள்தான் மென்பொருளைத் தேடி ஓடுகிறார்கள். ஓவியத்தைக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லி லியொனார்டோ டாவின்சியே எழுதி வைத்திருக்கிறார். இடம் வலம் மாறியதும் பழகிப்போன கண் புதிதாகப் பார்க்கும், கோணல் தானாகத் தெரியும். ஒரு கண்ணாடி போதும், லேயர் எதுவும் வேண்டாம். முதலில் கண்ணைப் பழக்குங்கள்.

புதுத்தூரிகை:
ஈசலில்தான் இருந்தது. அக்ரிலிக். 16×20 அங்குலம். கட்டம் போடவில்லை, கண்ணால் பார்த்துத்தான் வரைந்தேன். கிம்ப்பில் ஸ்கேல் டூலை வைத்து ஓவியத்தின் ஓரங்களை போட்டோவின் ஓரங்களுக்கு இழுத்துப் பொருத்தினேன். கறுப்பு வெள்ளையாக்கினேன், கோடுகள் அப்படியேதான் இருக்கின்றன.

கரிக்கோல்:
ஓரத்துக்கு ஓரம் இழுத்தீர்களா? அப்படியானால் ஒரு பாதி விடை கிடைத்துவிட்டது. 16×20 என்பது 4:5 விகிதம். ஃபோன் போட்டோ பெரும்பாலும் 3:4. நீங்கள் ஸ்கேல் செய்யும்போது அந்தச் சங்கிலிக் குறி திறந்திருந்திருக்கும், அகலமும் உயரமும் தனித்தனியாக மாறியிருக்கும். உயரத்தைச் சரியாக வைத்துக்கொண்டு 4:5 படத்தை 3:4க்குள் நெருக்கினால் அகலத்தில் 6.25% போய்விடும். முகம் ஒல்லியாகத் தெரிவது அதனால்தான். முகத்துக்கே 6% என்றால் அடையாளமே மாறிவிடும்.

கண்ணால் பார்த்து வரைந்ததால் போட்டோவின் ஓரமும் கேன்வாஸின் ஓரமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. முகத்துக்குள் இருக்கும் புள்ளிகளை வைத்துத்தான் பொருத்த வேண்டும். ரெஃபரன்ஸ் 3:4 தானா என்று பார்த்துச் சொல்லுங்கள். எடுத்த தூரத்தை இன்னும் சொல்லவில்லை.

நிழற்கணக்கு:
கண்மணி இரண்டையும் வைத்துப் பொருத்தினால் போதும் என்று நினைக்கிறேன். எல்லா முகத்திலும் தெளிவாகக் கிடைக்கிற இரண்டு புள்ளிகள் அவைதான்.

கரிக்கோல்:
அதில் எனக்கு உடன்பாடில்லை. கண்மணிகளுக்கு நடுவே கேன்வாஸில் 6 செ.மீ. இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 1 மி.மீ. பிசகினால் மொத்த அளவிலும் 1.7% பிசகும். தலைமயிர் தொடங்கும் இடம், காது மடல் என்று தள்ளித் தள்ளி இருக்கிற புள்ளிகளாக எடுத்தால் அதே 1 மி.மீ. பெரிய சேதம் செய்யாது. இன்னொன்று, எந்த இடத்தின் மேல் சந்தேகமோ அந்த இடத்தை வைத்துப் பொருத்தவே கூடாது. இவருக்குத் தாடையில் சந்தேகம். தாடையை நங்கூரமாக வைத்தால் தாடை சரி என்று காட்டிவிட்டு, பழி நெற்றியின் மேல் விழும்.

புதுத்தூரிகை:
ஆமாம், 3:4 தான். தூரம் அளக்கவில்லை, கை நீட்டினால் தொடலாம். அறை சின்னது.

செவ்வகம்:
மீதிப் பாதி விடை இதில் இருக்கிறது. ஈசலில் கேன்வாஸ் பின்னால் சாய்ந்துதான் நிற்கும். 10 டிகிரி சாய்வு என்று வையுங்கள். 20 அங்குல உயரத்தில் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிடச் சுமார் 9 செ.மீ. பின்னால் போய்விடும். ஃபோனை நேர் செங்குத்தாகப் பிடித்து 60 செ.மீ. தூரத்தில் எடுத்தால், கேன்வாஸின் கீழ்விளிம்பு மேல்விளிம்பைவிட ஏறத்தாழ 16% பெரிதாகப் பதியும். 2 மீட்டர் தள்ளிப் போனால் இதே வித்தியாசம் 4.5% ஆகக் குறையும். தாடை பெருத்து நெற்றி சிறுத்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எடுத்த போட்டோவில் கேன்வாஸின் நான்கு ஓரங்களையும் பாருங்கள். இடது ஓரமும் வலது ஓரமும் மேலே போகப் போக நெருங்கினால் ஓவியத்தை விட்டுவிட்டுக் கேமராவைத் திருத்துங்கள். ஈசல் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ ஃபோனையும் அவ்வளவு சாயுங்கள். லென்ஸ் கேன்வாஸின் நட்டநடுவுக்கு நேராக இருக்கட்டும். அறை சின்னது என்றால் கதவைத் திறந்து வாசலுக்கு வெளியே நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். அல்ட்ராவைட் லென்ஸைத் தொடவே வேண்டாம்.

திரும்ப எடுக்க முடியாவிட்டால் கிம்ப்பில் சாய்வைச் சரிசெய்கிற பெர்ஸ்பெக்டிவ் டூல் இருக்கிறது. அதில் கரெக்டிவ் என்பதைத் தேர்ந்து, கேன்வாஸின் நான்கு மூலைகளிலும் நான்கு புள்ளிகளை வைத்துச் சரிசெய்யுங்கள். பிறகு படத்தை மிகச் சரியாக 4:5க்குக் கொண்டு வாருங்கள். கேன்வாஸ் தட்டையான பரப்பு, அதனால் சாய்வால் வந்த பிசகு முழுக்கப் போய்விடும். லென்ஸ் வளைவு மட்டும் மிஞ்சும்.

அளவுகோல்:
பாருங்கள், ஒரு முகம் சரியா என்று பார்க்க இவ்வளவு கணக்கு. நான் சொன்ன கண்ணாடியில் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். போட்டோவே உண்மை என்று யார் சொன்னது? லென்ஸ் கொடுக்கிற முகமும் கண் பார்க்கிற முகமும் ஒன்றல்ல. போட்டோவோடு பிக்சல் பிக்சலாகப் பொருந்த வேண்டும் என்றால் அச்சடித்துச் சட்டம் போட்டுவிடலாமே. இது ஓவியத்தைக் கொல்கிற பழக்கம்.

மஞ்சட்காவி:
அளவுகோல் சார், போட்டோ உண்மையல்ல என்பதை முழுக்க ஏற்கிறேன். 2018இல் வந்த ஓர் ஆய்வு, 12 அங்குலத் தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அடிப்பகுதி 5 அடி தூரத்தில் எடுத்ததைவிட ஏறத்தாழ 30% அகலமாகத் தெரியும் என்று கணக்கிட்டது. செல்ஃபியைப் பார்த்து வரைகிறவர்கள் அந்த மூக்கையும் சேர்த்துத்தான் வரைகிறார்கள். ஆனால் கருவியைப் பயன்படுத்தினால் ஓவியம் செத்துவிடும் என்பதை ஏற்க முடியாது. ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1525இல் வெளியிட்ட நூலில் சட்டமும் நூலும் வைத்து அளந்து வரைகிற கருவிகளைப் படமாகவே போட்டிருக்கிறார். வான் கோ 1882இல் கம்பியும் சட்டமுமாக ஒரு பெர்ஸ்பெக்டிவ் சட்டகம் செய்வித்து கடற்கரைக்கும் வயலுக்கும் தூக்கிக்கொண்டு போனார். அவர் கண் கெட்டுப்போகவில்லை.

அளவுகோல்:
அவர்கள் வரைவதற்குக் கருவி வைத்திருந்தார்கள். வரைந்து முடித்தபின் தேர்வுத்தாள் திருத்துகிற மாதிரி மேலே ஒட்டிப் பார்க்கவில்லை.

மஞ்சட்காவி:
எனக்கு அதில்தான் மதிப்பே இருக்கிறது. கருவி வைத்து வரைந்தால் கை கருவிக்குப் பழகும். கண்ணால் வரைந்துவிட்டு அப்புறம் ஒட்டிப் பார்த்தால், என் கண் எந்தப் பக்கம் பிசகுகிறது என்று தெரியும். முக்கால் பக்கமாகத் திரும்பிய முகங்களில் அப்பால் இருக்கிற கண்ணை நான் எப்போதும் வெளியே தள்ளி வைக்கிறேன். கண்ணாடியில் பார்க்கும்போது ஏதோ சரியில்லை என்று மட்டும்தான் தெரிந்தது. எது, எந்தப் பக்கம் என்று மேல் லேயரை 50% ஒப்பாசிட்டியில் (பாதி ஊடுருவித் தெரிகிற மாதிரி) வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. இப்போது அந்தக் கண்ணை வரையும் முன்பே கை நிற்கிறது.

அளவுகோல்:
நல்லது. ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு அந்த நிதானம் இருக்காது. வெள்ளைக் கோடு தெரிந்த இடத்தையெல்லாம் அழிக்க ஆரம்பிப்பார்கள். இவரே தாடையை அழிக்கத்தான் கேட்டார்.

நிழற்கணக்கு:
வெளிச்சத்தை மறந்துவிட வேண்டாம். அக்ரிலிக் பளபளக்கும். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி விளக்கு வைத்தால் பளபளப்பு லென்ஸுக்குள் வராது. ஃபிளாஷ் கூடவே கூடாது.

செவ்வகம்:
விவாதம் நடக்கட்டும், இவருக்கு நாளை மறுநாள் கெடு. கேள்வி கேட்டவர் இதை மட்டும் செய்யுங்கள்: ரெஃபரன்ஸ் போட்டோவை ஒரு தாளில் அச்சடித்து, ஓவியம் இருக்கிற அதே ஈசலில், அதே சாய்வில் தட்டையாக ஒட்டுங்கள். முதலில் எடுத்த மாதிரியே, அதே இடத்தில் நின்று ஃபோனில் எடுங்கள். அந்த போட்டோவை அசல் ஃபைலின் மேல் லேயராகப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம்தானே, கறுப்பாகத்தான் வர வேண்டும். அங்கேயும் தாடை பெருத்துத் தெரிந்தால் அது கேமரா செய்தது. அச்சுப்படத்துக்கு வராமல் ஓவியத்துக்கு மட்டும் வருகிற விலகல்தான் உங்கள் கை செய்தது. கேன்வாஸ் அளவுக்கு அச்சடிக்க வேண்டியதில்லை. சின்னத் தாள் என்றால் கேன்வாஸின் மேல்பக்கம் ஒருமுறை, கீழ்ப்பக்கம் ஒருமுறை ஒட்டி எடுத்தால் இரண்டு இடத்திலும் அளவு மாறுகிறதா என்று தெரிந்துவிடும்.

கரிக்கோல்:
இது அருமை, நானே இனி இப்படித்தான் செய்யப் போகிறேன். ஒன்று சேர்க்கிறேன்: கேமராவைத் திருத்திய பிறகு டிஃபரன்ஸ் மோடை விட்டுவிட்டு, மேல் லேயரின் கண் குறியை அணைத்து அணைத்துப் போடுங்கள். படம் மாறி மாறி வரும்போது விலகிய இடம் துள்ளும், சரியான இடம் அசையாது. டிஃபரன்ஸில் தூரிகைத் தடமும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிவதால் எது பிசகு, எது பெயின்ட் என்று குழம்பும்.

இளம்பச்சை:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நீர்வண்ணத்தில் தாள் வளைந்துபோனால் இந்த முறை நடக்குமா?

செவ்வகம்:
வளைந்த தாளுக்கு மூலை நான்கைப் பொருத்தினால் போதாது. பின்பக்கம் லேசாக ஈரப்படுத்தி, கனமான பலகைக்கு அடியில் வைத்துக் காயவிட்டு, தட்டையான பிறகு எடுங்கள். தனி இழை போட்டால் விவரமாகச் சொல்கிறேன்.

கரிக்கோல்:
கேள்வி கேட்டவர் என்ன ஆனார்? அச்சடித்துப் பார்த்தீர்களா?

புதுத்தூரிகை:
பார்த்தேன். அச்சுப்படத்திலும் தாடை அதே மாதிரி பெருத்து வந்தது. வாசலில் நின்று ஃபோனைச் சாய்த்துத் திரும்ப எடுத்து, நெற்றி மயிரோரத்தையும் காது மடலையும் வைத்துப் பொருத்தினேன். தாடையும் நெற்றியும் அசையவில்லை. வாயின் இடது ஓரம் மட்டும் இரண்டு மி.மீ. கீழே துள்ளுகிறது. அதை மட்டும் திருத்துகிறேன். எல்லோருக்கும் நன்றி.

அளவுகோல்:
வாயின் ஓரத்தை மாற்றும்போது கீழே விழுகிற நிழலையும் சேர்த்து ஏற்றுங்கள். உதட்டை மட்டும் தூக்கினால் சிரிப்பு மாறிவிடும்.