பொருள்: ‘ஆக்டிவ் சர்வேலன்ஸ்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், கோவை

குழுவினருக்கு வணக்கம்.

புரோஸ்டேட் புற்றுநோய் வந்தவர்கள் கையில் கொடுப்பதற்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அறுவை, கதிர்வீச்சு, ஹார்மோன் ஊசி எல்லாம் ஓடிவிட்டன. அவற்றுக்கு முன்னால் இரண்டு தலைப்புகள் நிற்கின்றன: ஆக்டிவ் சர்வேலன்ஸ், வாட்ச்ஃபுல் வெயிட்டிங். அகராதியை நம்பினால் இரண்டையும் ‘கண்காணிப்பு’ என்று போட்டுவிட்டுப் போய்விடலாம். ‘செயலூக்கக் கண்காணிப்பு’, ‘தீவிரக் கண்காணிப்பு’, ‘விழிப்புடன் காத்திருத்தல்’ என்று மூன்று சொற்களைக் குறித்து வைத்திருக்கிறேன். மூன்றுமே வாயில் ஒட்டவில்லை.

மருத்துவர்கள் முதலில் ஒன்று சொல்லுங்கள். இவை உண்மையிலேயே வேறுவேறா, அல்லது ஒரே சோற்றுக்கு இரண்டு பெயரா?

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற யூராலஜி மருத்துவர், மதுரை

வேறுவேறுதான் அம்மா. அதுவும் சாதாரண வேறுபாடு இல்லை. நோயைக் குணப்படுத்தும் எண்ணம் ஒன்றில் உண்டு, மற்றதில் இல்லை.

முதலில் ஆக்டிவ் சர்வேலன்ஸ். ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவருக்கு இரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம்) கொஞ்சம் கூடியிருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்து, ஊசியால் திசு எடுத்துப் பார்த்தால் கிளீசன் மதிப்பெண் (புற்றுச் செல்கள் எவ்வளவு மூர்க்கம் என்று காட்டுவது) 3+3, அதாவது 6. இந்த வகை மிக மெதுவாக வளரும். பலருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யாது. இன்றைக்கே சுரப்பியை எடுத்தால் சிறுநீர் கசிவும் விறைப்புக் கோளாறும் வருவதற்கு வாய்ப்பு உண்டு. நோய் செய்யாத கெடுதலை வைத்தியம் செய்துவிடும். அதனால் இப்போதைக்குக் கை வைப்பதில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பி.எஸ்.ஏ., ஆண்டுக்கொரு முறை ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்க்கும் விரல் பரிசோதனை, இடையில் எம்.ஆர்.ஐ., சில ஆண்டுகளில் மறுபடி பயாப்சி. கால இடைவெளி மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்று மாறும். நோய் நிறம் மாறுகிறது என்று தெரிந்தால் அன்றைக்கே முழு சிகிச்சைக்குப் போய்விட வேண்டும். குணமாக்கும் வாய்ப்பைக் கையிலேயே வைத்திருக்கிறோம். டொரன்டோ சன்னிபுரூக் மருத்துவமனையில் லாரன்ஸ் குளோட்ஸ் 1995-இல் இப்படி ஒரு நோயாளிக் குழுவைத் தொடங்கினார். இன்றைய நடைமுறை பெரும்பாலும் அந்த வழியில் வளர்ந்ததுதான்.

வாட்ச்ஃபுல் வெயிட்டிங் பழையது. எண்பது தாண்டிய பெரியவர், இதயம் பலவீனம், சர்க்கரை வேறு. இவருக்குப் புரோஸ்டேட் புற்று இருந்தாலும் அதனால் சாவு வரும் வாய்ப்பு குறைவு. அறுவையும் கதிர்வீச்சும் அவர் உடம்பு தாங்காது. அடிக்கடி பயாப்சி எடுத்துத் துன்புறுத்துவதும் இல்லை. சிறுநீர் அடைத்தால் அதற்கு வழி செய்வோம். எலும்பில் வலி வந்தால் ஹார்மோன் ஊசி போடுவோம். துன்பம் வந்தால் துன்பத்துக்கு மருந்து, அவ்வளவே. 1989 முதல் 1999 வரை ஸ்வீடன், பின்லாந்து, ஐஸ்லாந்தில் 695 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வில் அறுவைக்கு எதிரே வைத்துப் பார்த்தது இந்த முறையைத்தான். நீண்டகாலப் போக்கில் அறுவை செய்துகொண்டவர்களே கூடுதலாக வாழ்ந்தார்கள். அந்த முடிவை ஆக்டிவ் சர்வேலன்ஸில் இருப்பவர் தனக்கென்று எடுத்துக்கொண்டு பயந்தால் அது தவறு. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் நடக்கப்போவது இதுதான்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பிரிட்டனின் புரோடெக்ட் ஆய்வு 1,643 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தது: அறுவை, கதிர்வீச்சு, ‘ஆக்டிவ் மானிட்டரிங்’. இந்த மூன்றாவது, பெரும்பாலும் பி.எஸ்.ஏ.வை மட்டுமே நம்பிய, இன்றைய முறையைவிடத் தளர்வான ஏற்பாடு. 2023-இல் வந்த பதினைந்து ஆண்டு முடிவில் மூன்று பிரிவிலும் இந்நோயால் இறந்தவர்கள் 3 விழுக்காட்டை ஒட்டித்தான். ஆனால் மானிட்டரிங் பிரிவில் நோய் பரவியது 9.4 விழுக்காடு, அறுவைப் பிரிவில் 4.7. அந்த மானிட்டரிங் பிரிவில் ஏறத்தாழ 61 விழுக்காட்டினர் அதற்குள் அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ போயிருந்தார்கள். ஆகவே இது ‘சிகிச்சை இல்லை’ என்பதல்ல. ‘சிகிச்சை இப்போது இல்லை’ என்பது.

‘தீவிர’ என்ற சொல்லை மட்டும் வைத்துவிடாதீர்கள். நம் ஊரில் ‘தீவிர’ என்றாலே ஐ.சி.யூ. வாசல்தான் கண்ணுக்குத் தெரியும். நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

---

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், கோவை

நன்றி ஐயா. சட்டென்று ஒரு துணைக்கேள்வி. கிளீசன் 6 என்பதை நோயாளி ‘பத்துக்கு ஆறு’ என்று படிக்கமாட்டாரா?

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற யூராலஜி மருத்துவர், மதுரை

படிப்பார். படித்துவிட்டு ‘பாதிக்கு மேல் போய்விட்டதே டாக்டர்’ என்பார். டொனால்ட் கிளீசன் 1960களில் வகுத்த முறை அது. நடைமுறையில் பயாப்சி அறிக்கையில் 6-க்குக் கீழே இப்போது எழுதுவதே இல்லை. அதாவது ஆறுதான் ஆகக் கீழ்ப்படி. இந்தக் குழப்பம் போகவே 2014-இல் நோயியல் வல்லுநர்கள் கூடி ஒன்று முதல் ஐந்து வரை தரக்குழு என்று மாற்றினார்கள். கையேட்டில் ‘தரக்குழு 1’ என்றே போடுங்கள். கிளீசன் எண் அறிக்கையில் இருப்பதால் அதையும் பக்கத்தில் போடுங்கள்.

---

அனுப்பியவர்: மருத்துவ ஆசிரியர், யாழ்ப்பாணம்

வணக்கம். எங்கட பக்கத்துக் குறிப்பு ஒன்று.

இலங்கையில் புரொஸ்ரேற்றை ‘முன்னிற்குஞ்சுரப்பி’ என்று எழுதுவதுண்டு. கிரேக்கச் சொல்லின் பொருளை அப்படியே கொண்டுவந்தது: சிறுநீர்ப்பைக்கு முன்னால் நிற்பது. பொருள் சரி, ஆனால் கிளினிக்கில் அதைச் சொன்னால் நோயாளர் எங்களைத்தான் பார்ப்பினம். தமிழ்நாட்டு நாளிதழ்களில் ‘ஆண்மைச் சுரப்பி’ என்று காண்கிறேன். தயவுசெய்து அதைப் பாவிக்க வேண்டாம். அதை அகற்றினால் ஆண்மை போகும் என்று பெயரே சொல்லிப் பயமுறுத்துது. ‘விந்துச் சுரப்பி’யும் பிழை, விந்தணு அங்கே உற்பத்தியாவதில்லை. சுரப்பிக்கு ஒலிபெயர்ப்பே போதும்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர். மாணவர் தமிழிலேயே படித்துத் தமிழிலேயே வைத்தியம் பார்த்தவை. அந்த மரபில் வந்தவர்கள் நாங்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டே ‘சேர்வேலன்ஸ்’ என்று கிளினிக் கொப்பியில் எழுதுகிறோம்.

‘காத்திருத்தல்’ எனக்கு விருப்பமில்லை. எண்பது வயது ஐயா ஒருவரிடம் ‘காத்திருப்பம்’ என்றால் எதற்காகக் காத்திருக்கிறது என்று அவர் கேட்பார். என்ன பதில் சொல்லுறது?

---

அனுப்பியவர்: தமிழாசிரியர், திருநெல்வேலி

இரண்டு மடல்களையும் படித்தேன். கலைச்சொல்லில் அடைமொழி எதைத் தொட வேண்டும் என்பதுதான் கேள்வி என்று எனக்குப் படுகிறது. ஆங்கிலம் ‘ஆக்டிவ்’ என்று மருத்துவரின் சுறுசுறுப்பைத் தொட்டது. அதைச் ‘செயலூக்க’ என்று தமிழில் கொண்டுவந்தால் பொருளே வரவில்லை. கண்காணிப்பில் செயலூக்கம் இல்லாதது எது? தூங்குகிற காவற்காரனா?

மருத்துவர் ஐயா சொன்னதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: முதல் முறையை நடத்துவது நாள்காட்டி. நோயாளிக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், நாள் வந்தால் சோதனை உண்டு. இரண்டாவதை நடத்துவது நோய்க்குறி. குறி தெரிந்தால் கவனிப்பு உண்டு, இல்லையென்றால் தொந்தரவு இல்லை. எனவே முதலதற்கு ‘முறைவழிக் கண்காணிப்பு’, இரண்டாவதற்குக் ‘குறிவழிக் கவனிப்பு’. முறைவைத்துப் பார்ப்பது ஒன்று, குறி பார்த்துக் கவனிப்பது ஒன்று. ‘குறிகுணம்’ சித்த மருத்துவத்தில் புழங்குகிற சொல், ‘நோய்க்குறி’ பாடநூலில் இருக்கிறது. எதுகையும் அமைந்துவிட்டது.

---

அனுப்பியவர்: செவிலியர், திருச்சி

எதுகை அமைந்ததுதான் ஐயா ஆபத்து.

வார்டில் ஒரே மாதிரி ஒலிக்கிற மருந்துப் பெயர்களால் என்ன ஆகும் என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித்தருவார்கள். முறைவழி, குறிவழி இரண்டையும் போனில் சொல்லிப் பாருங்கள். இரைச்சலில் கேட்கிற மகனுக்கு அப்பா எந்த வழியில் இருக்கிறார் என்று தெரியாது. கண்காணிப்பு, கவனிப்பு இரண்டும் ‘க’வில் தொடங்கி ‘ப்பு’வில் முடிகிறது. இரண்டில் ஒன்றையாவது மாற்றுங்கள்.

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற அரசு ஊழியர், ஈப்போ, மலேசியா

செவிலியர் தங்கச்சி சொல்வது சரி. நானும் ஒரு கல்லைப் போடுகிறேன். எங்கள் அப்பா காலத்து ரப்பர் தோட்டத்தில் ‘கங்காணி’ என்றால் மேலே நின்று வேலை வாங்குகிறவர். கண்காணி தேய்ந்து கங்காணி ஆனது. எங்கள் ஊர் முதியவர்களுக்குக் கண்காணிப்பு என்றால் அந்த ஆள்தான் நினைவுக்கு வருவார். நாளிதழில் பார்த்தாலும் போலீஸ் கண்காணிப்பு, சிசிடிவி கண்காணிப்பு. நோயாளி என்ன குற்றவாளியா?

---

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், கோவை

கங்காணியை மலையகத்து வாசகர்களும் நினைப்பார்கள், ஐயம் இல்லை. ஆனாலும் ‘கண்காணிப்பு’ மருத்துவமனைக்குள் எப்போதோ வந்துவிட்டது. ‘இன்னிக்கு ஒரு நாள் அப்சர்வேஷன்ல இருக்கட்டும்’ என்று டாக்டர் சொல்வதை மறுநாள் செய்தித்தாள் ‘மருத்துவர்களின் கண்காணிப்பில் உள்ளார்’ என்றுதான் எழுதுகிறது. அங்கே அந்தச் சொல்லில் அதட்டல் இல்லை, அக்கறைதான். அதனால் அதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

அடைமொழிக்கு ‘தவணை’ எப்படி? தவணைக் கண்காணிப்பு. குறித்த நாளில் வர வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

---

அனுப்பியவர்: தமிழாசிரியர், திருநெல்வேலி

தவணை என்றால் எங்கள் ஊரில் கடன். வட்டிக்காரர் வாசலில் நிற்பார். ‘தவணை சொல்லியே இழுத்தடிக்கிறான்’ என்று ஏமாற்றுகிறவனைத் திட்டுவதும் உண்டு. சிகிச்சையை இழுத்தடிக்கிறார்கள் என்று படாதா?

---

அனுப்பியவர்: மருத்துவ ஆசிரியர், யாழ்ப்பாணம்

எங்களுக்குத் தவணை என்றால் பள்ளிக்கூடத்து முதலாம் தவணை, இரண்டாம் தவணை. வழக்குக்கும் தவணை போடுவினம். கடன் நினைவு அவ்வளவாக வராது. கோவை அக்கா சொன்னதற்கு என்ர வாக்கு.

---

அனுப்பியவர்: செவிலியர், திருச்சி

இங்கேயும் கொரோனாவுக்குப் பிறகு நிலைமை வேறு ஐயா. ‘முதல் தவணை போட்டாச்சா, ரெண்டாம் தவணை எப்போ’ என்று ஊரே தடுப்பூசிக்குக் கேட்டது. அப்போது யாரும் கடன் என்று நினைக்கவில்லை. நாள் தவறக்கூடாது என்றுதான் நினைத்தார்கள். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். இந்த நோயாளிகளில் ஆக மோசமான ஆள் யார் தெரியுமா? உடம்பு நன்றாக இருக்கிறதே என்று இரண்டு ஆண்டு பி.எஸ்.ஏ. பார்க்காமல் விட்டுவிட்டு வருகிறவர். பெயரிலேயே நாள் கணக்கு இருந்தால் கொஞ்சமாவது உறைக்கும்.

---

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற யூராலஜி மருத்துவர், மதுரை

தவணைக் கண்காணிப்பு எனக்குச் சம்மதம். குறிவழிக் கவனிப்பும் சம்மதம். தவணை, குறி இரண்டும் போனில் கேட்டாலும் குழம்பாது.

ஆனால் சொல்லோடு ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள். அறுவை வேண்டாம் என்று நான் சொன்னபோதெல்லாம் வெளியில் நிற்கும் உறவினர்களுக்குப் போய்ச்சேர்ந்த செய்தி ‘டாக்டர் கைவிரிச்சுட்டார்’ என்பதுதான். எத்தனை நல்ல கலைச்சொல்லும் அந்தப் பேச்சைத் தனியாகத் தடுக்காது. தவணைக் கண்காணிப்பில் இருப்பவருக்கு ‘கைவிடவில்லை’ என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். குறிவழிக் கவனிப்பில் இருப்பவர் குடும்பத்துக்கு இன்னும் நேராகப் பேச வேண்டும். இந்த நோயைக் குணமாக்கப் போவதில்லை, ஆனால் வலியிலோ அடைப்பிலோ விடமாட்டோம் என்று. அதை மெழுகிப் பூசி எழுதாதீர்கள்.

இன்னொன்று. ஒரு முறையிலிருந்து மற்றதற்கு மாறுவதும் உண்டு. எழுபதில் தவணையில் இருந்தவர், எண்பத்திரண்டில் பக்கவாதம் வந்து படுத்துவிட்டால் பயாப்சிக்கு இழுத்துக்கொண்டு போவதில் பொருள் இல்லை. அன்றைக்குக் குறிவழிக்கு மாற்றுவோம். கையேட்டில் இதற்கும் இடம் வையுங்கள்.

---

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், கோவை

எல்லார்க்கும் நன்றி. திருநெல்வேலி ஐயா முழு மனதோடு ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரிகிறது. அவருடைய ‘குறிவழி’ அப்படியே நிற்கிறது. கையேட்டில் இப்படி வைத்திருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

> தவணைக் கண்காணிப்பு (ஆக்டிவ் சர்வேலன்ஸ்). உங்கள் புற்று மெதுவாக வளரும் வகை. இன்றைக்கு அறுவையோ கதிர்வீச்சோ தேவையில்லை. குறித்த நாள்களில் இரத்தச் சோதனை, விரல் பரிசோதனை, எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் திசுச் சோதனை செய்வோம். நோய் மாறினால் குணமாக்கும் சிகிச்சையை உடனே தொடங்குவோம். மருத்துவர் உங்களைக் கைவிடவில்லை. உடம்பு நன்றாக இருந்தாலும் தவணை நாளைத் தவறவிடாதீர்கள்.
>
> குறிவழிக் கவனிப்பு (வாட்ச்ஃபுல் வெயிட்டிங்). உங்கள் வயதையும் மற்ற நோய்களையும் பார்க்கும்போது, இந்தப் புற்றைக் குணமாக்க முயலும் சிகிச்சையால் நன்மையைவிடத் துன்பமே கூடுதல். அதனால் அதைச் செய்யப்போவதில்லை. சிறுநீர் அடைப்பு, சிறுநீரில் இரத்தம், முதுகு அல்லது இடுப்பு எலும்பில் வலி தெரிந்தால் வாருங்கள். அவற்றுக்கு மருத்துவம் உண்டு. கால் திடீரென்று மரத்துப்போனாலோ வலுவிழந்தாலோ அன்றே வந்துவிடுங்கள்.

‘திசுச் சோதனை’ போதுமா, ‘பயாப்சி’ என்றே விடலாமா என்பதைத் தனி இழையில் கேட்கிறேன்.

---

அனுப்பியவர்: செவிலியர், திருச்சி

பயாப்சி என்றே விடுங்கள் அக்கா. அறிக்கையில் அதுதான் இருக்கும். ‘இரத்தச் சோதனை’க்குப் பக்கத்தில் பி.எஸ்.ஏ. என்று போட்டுவிடுங்கள், இல்லையென்றால் சர்க்கரைச் சோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.