கீமோ போட்டதும் குடலில் ஓட்டை: பட்டவர்கள் சொல்லுங்கள்

அல்லி:
அப்பாவுக்குச் சிறுகுடலில் லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். ஆர்-சாப் என்ற கீமோ மருந்துக் கூட்டில் முதல் சுற்று, ஆறாம் நாள். காலையிலிருந்தே வயிறு லேசாகப் பிடிக்கிறது என்றார். காய்ச்சல் இல்லை. இரவு பதினொரு மணிக்குத் தோள்பட்டை வலிக்கிறது என்றார். சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். திரும்பிப் படுக்கச் சொன்னால் அசையவே மாட்டேன் என்றார். கொஞ்ச நேரத்தில், "இப்ப பரவாயில்லம்மா, நீ போய்ப் படு" என்றார். நானும் போய்ப் படுத்துவிட்டேன். ஐந்து மணி நேரம்.

விடியற்காலை எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே பிறை மாதிரி காற்று. குடலிலிருந்து கசிந்தது உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம். உடனே ஆபரேஷன். வயிற்றில் திறப்பு வைத்து, மலம் சேரும் ஸ்டோமா பையோடு வீடு வந்தார், இப்போது நன்றாக இருக்கிறார். எனக்குத்தான் அந்த ஐந்து மணி நேரம் போகவில்லை.

கடலோரம்:
எங்களுக்கு எல்லாமே தலைகீழ். அப்பெண்டிக்ஸ் என்றுதான் கணவரின் வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே சிறுகுடலில் ஓட்டை. வெட்டியெடுத்த துண்டு பயாப்ஸிக்குப் போன பிறகுதான் லிம்போமா என்றே தெரிந்தது. டாக்டர் அந்தத் தாளைப் படித்தபோது கணவர் மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

அதனால் அல்லி, தலைப்பை மாற்றுங்கள். கீமோ போடாமலும் ஓட்டை விழும். இதைப் படித்துவிட்டு யாராவது சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் என்ன செய்வது?

முல்லைக்கொடி:
தலைப்பில் தப்பில்லை, இரண்டு விதமாகவும் நடக்கும். கட்டி குடல் சுவரின் முழுக் கனத்துக்கும் ஊடுருவியிருந்தால், மருந்தில் அது வேகமாகக் கரையும்போது அந்த இடத்தை அடைக்கச் சதை இருக்காது. அதனால்தான் முதல் நான்கு வாரம் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு மூன்றாவது வாரம் நடந்தது. காப்பாற்ற முடியவில்லை.

யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். ஆர்-சாப்பில் ஐந்து நாள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை உண்டு. அது காய்ச்சலையும் வலியையும் அமுக்கிவிடும். வயிறு பலகை மாதிரி இறுகும் என்று புத்தகத்தில் இருப்பது இவர்களுக்கு நடக்காமலே போகலாம். அம்மாவின் வயிற்றை அழுத்திப் பார்த்த பணி மருத்துவர், மெத்தென்று இருக்கிறது, வாயுதான் என்று அனுப்பிவிட்டார். ஆகவே அவசரப் பிரிவுக்குப் போனதும் முதல் வாக்கியமே "குடல் லிம்போமா, இந்தத் தேதியில் கீமோ, ஸ்டீராய்டு எடுத்தார்" என்று இருக்கட்டும். ஸ்கேன் வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். அதுவரை வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். நீங்களாக வலி மாத்திரை போடவே கூடாது. வலி திடீரென்று குறைந்தாலும் நம்பாதீர்கள்.

அல்லி:
அப்பாவும் முந்தின நாள்தான் அந்த ஸ்டீராய்டு மாத்திரையை முடித்திருந்தார். காய்ச்சல் இல்லையே என்றுதான் நான் தூங்கப் போனேன். கடலோரம், உங்கள் கணவருக்குக் காயம் ஆற எத்தனை வாரம் விட்டுக் கீமோ தொடங்கினார்கள்? அப்பாவுக்கு அடுத்த சுற்றுக்குத் தேதி கேட்டிருக்கிறார்கள்.