ஓய்வுக்குப் பிறகு தம்மம்: ஒதுங்கி இருப்பதா, ஊரோடு இருப்பதா?

அடையாறு_நடை:
போன வருஷம் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். திருமுடிவாக்கம் தம்ம சேது மையத்தில் பத்து நாள் விபஸ்ஸனா தியான முகாம் முடித்ததிலிருந்து காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்காருகிறேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டேன். வாட்ஸ்அப் குழுக்களும் போயாச்சு. சாப்பிடும்போது டிவி கிடையாது. ஓய்வு பெற்ற கையோடு ஆலோசகர் வேலை தேடி ஓடும் நண்பர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. தம்மத்தை, அதாவது புத்தர் காட்டிய நெறியை, வாழ்ந்து பார்க்க இதைவிட நல்ல காலம் எது?

ராயப்பேட்டை_தோழர்:
ஜெய் பீம் ஐயா. நீங்கள் தியானத்தில் உட்காருவது நல்லதுதான். சங்கத்தை விட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1898இல் அயோத்திதாசர் எங்கள் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. தமிழன் இதழைத் தொடங்கியது அதற்கும் பிறகு, 1907இல். அம்பேத்கர் 1956 அக்டோபரில் நாக்பூரில் பௌத்த தீட்சை பெற்றபோது கடுமையான நோயில் இருந்தார், டிசம்பரில் மறைந்தார். ஒருவன் தனியாக இருந்தால் அவனுக்குத் தம்மம் தேவையில்லை, இரண்டு பேர் சேர்ந்து வாழும்போதுதான் தேவை என்பது அவர் வாதம். உங்கள் வழியில் அந்த இரண்டாவது ஆள் எங்கே?

அடையாறு_நடை:
தோழர், அவர்கள் தலைவர்கள். எனக்கு ரத்தக் கொதிப்பு. புத்தரே எண்பது வயதில், வார் போட்டுக் கட்டிய பழைய வண்டியைப் போல இந்த உடம்பு ஓடுகிறது என்று தன் சீடர் ஆனந்தரிடம் சொன்னார். ஆழ்ந்த தியானத்தில் இருக்கும்போது மட்டுமே உடல் சுகமாக இருக்கிறது என்றும் சொன்னார். அவருடைய கடைசி நாட்களைச் சொல்லும் மகாபரிநிர்வாண சுத்தத்தில் (சுத்தம் என்றால் பாலி மொழியில் புத்தரின் உரை) இருக்கிறது.

ராயப்பேட்டை_தோழர்:
அதே சுத்தத்தில் மேலே படியுங்கள் ஐயா. அப்படிச் சொன்ன பிறகும் அவர் குசிநாரா வரை நடந்தே போனார். கடைசி இரவில் சுபத்தர் என்ற துறவி கேள்வியோடு வந்தபோது, தொந்தரவு செய்யாதே என்று ஆனந்தர் தடுத்தார். புத்தர் உள்ளே விடச் சொல்லி, படுத்தபடியே பதில் சொன்னார். உங்கள் விபஸ்ஸனா முகாம்களைப் பரப்பிய கோயங்காவின் மரபையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆசிரியர் ஊ பா கின் பர்மாவின் தலைமைக் கணக்காயராக வேலை பார்த்துக்கொண்டேதான் தியானம் சொல்லிக்கொடுத்தார்.

மாம்பலம்_இல்லத்தரசி:
குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். என் கணவரும் ஓய்வு பெற்றுத் தியானம் செய்கிறார். அவர் கண் திறக்கும்போது காபி தயாராக இருக்கும். எனக்கு எந்த வயதில் ஓய்வு? ஊரோடு வேலை, உள்ளே அமைதி என்று நீங்கள் இருவரும் பேசுகிறீர்கள், நடுவில் ஒரு வீடு இருக்கிறது. விழிப்போடு இருக்கும் பயிற்சியைச் சொல்லும் சதிபட்டான சுத்தத்தில் நடப்பது, குனிவது, சாப்பிடுவது, குடிப்பது எல்லாமே விழிப்போடு செய்யவேண்டியவைதான். காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் மட்டும் எப்படி விட்டுப்போகும்? இல்லறத்தாருக்குச் சொன்ன சிகாலோவாத சுத்தத்தில் மனைவிக்குக் கணவன் செய்யவேண்டிய ஐந்து கடமைகளில் முதலாவதே அவளை மதிப்பது. நீங்கள் வேகத்தைக் குறைத்ததால் யாருக்கு வேலை கூடியது என்று பாருங்கள் சார்.

அடையாறு_நடை:
அம்மா, நீங்கள் கேட்பது நியாயம். எங்கள் வீட்டில் காலைக் காபியும் பாத்திரமும் என் பொறுப்பு. ஆனால் சங்கத்துக்குத் திரும்ப மாட்டேன், தோழர். வண்டி நிறுத்தும் தகராறில் கடுஞ்சொல் பேசிவிட்டு வந்து தியானத்தில் உட்கார்ந்தால் அந்தச் சொல்தான் மனதில் ஓடும். வாய்ச்சொல்லைக் காப்பதும் சீலம்தானே, நல்லொழுக்கம்தானே?

ராயப்பேட்டை_தோழர்:
சண்டை இருக்கும் இடத்தில் வாயைக் காப்பதுதான் பயிற்சி என்பேன். சங்கம் வேண்டாம் என்றால் போகட்டும். எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் இலவசமாகக் கணக்கு சொல்லித்தருகிறோம். ஆள் போதவில்லை. வருவீர்களா?

மாம்பலம்_இல்லத்தரசி:
மாலை வகுப்பு என்றால் நானும் வரலாமா? கல்யாணத்துக்கு முன் கணக்கு டீச்சராக இருந்தேன்.

ராயப்பேட்டை_தோழர்:
கட்டாயம் வாங்க அம்மா.

அடையாறு_நடை:
ஞாயிறு காலை என்றால் வருகிறேன். மாலைத் தியானத்தை மாற்ற மாட்டேன்.