தோட்டத்துரையின் ரிவோல்வர்: 36ஐ 44 ஆக்க முடியுமா?

கேள்வி: மேடைப்பொருள் செய்பவர், கொட்டாஞ்சேனை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குழு மேடையேற்றவிருக்கும் நாடகம் ஒன்றின் கதை 1858ஆம் ஆண்டில், கண்டிக்கு அப்பால் உள்ள ஒரு கோப்பித் தோட்டத்தில் நிகழ்கிறது. துரையின் இடுப்பில் தொங்கும் கருமருந்து ரிவோல்வரை மொரட்டுவையில் வாங்கிய தேக்குத் துண்டில் நான் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். குழலும் பிடியும் முடிந்துவிட்டன. உருளையில் வந்து நின்றுவிட்டேன். என்னிடம் உள்ள இரண்டு படங்களிலும் 'கோல்ட்' என்ற அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனத்தின் பெயரே எழுதியிருக்கிறது. ஆனால் ஒன்றில் உருளை முழுநீளத்துக்கும் ஒரே பருமனாக உள்ளது. மற்றொன்றில் முன்பாதி பருத்து, பின்பாதி படிபோல ஒடுங்கியிருக்கிறது. எதைச் செதுக்குவது?

இன்னொரு சிக்கல் வசனத்தில் இருக்கிறது. "இது 36 கலிபராக இருந்தது, கண்டியில் ஒரு கொல்லனிடம் கொடுத்து 44 ஆகத் துளைக்கச் செய்தேன்" என்று துரை கங்காணியிடம் பெருமை பேசுகிறார். (கலிபர் என்பது துளையின் பருமன்; 36 என்றால் ஏறத்தாழ 0.36 அங்குலம்.) அது நடக்கக்கூடியதா என்று நான் கேட்டதற்கு, '1851 நேவி, 44' என்ற பெயரில் இன்றும் விற்பனைக்கு உள்ள ஒரு பிரதியின் படத்தை நெறியாளர் ஆதாரமாகக் காட்டினார். எனக்கு மனம் ஒப்பவில்லை. விடயம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1: கடைசல் பட்டறைக்காரர், பஞ்சிகாவத்தை

தம்பி, துப்பாக்கியை நான் கையில் எடுத்ததில்லை. ஆனால் உருக்கைக் கடைவதே என் வாழ்நாள் தொழில் என்பதால் இந்தக் கேள்விக்குத் தொழில் வழியாகப் பதில் சொல்கிறேன். ஒரே அளவான ஏழு நாணயங்களை எடுத்து, ஒன்றை நடுவில் வைத்து மற்ற ஆறையும் அதைச் சுற்றி அடுக்கிப் பாருங்கள். ஆறும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இடைவெளியின்றி அமரும். ஆறு அறை கொண்ட உருளையின் முகமும் அதே அமைப்புத்தான். நடு நாணயத்தின் இடத்தில் அச்சு இருக்கும். ஒவ்வொரு நாணயத்துக்கும் இடையே வெடிப்பைத் தாங்குவதற்கென உருக்குச் சுவர் இருக்க வேண்டும்.

36 கலிபர் ரிவோல்வரில் இடும் ஈயக்குண்டின் விட்டம் ஏறத்தாழ 9.5 மில்லிமீற்றர், 44இன் குண்டு ஏறத்தாழ 11.5. அறைகளின் மையங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, துளையை மட்டும் 2 மில்லிமீற்றர் பெரிதாக்கினால், அடுத்தடுத்த அறைகளுக்கு இடையிலான சுவர் இரு பக்கமும் ஒவ்வொன்றாக மொத்தம் 2 மில்லிமீற்றர் தேய்ந்துவிடும். வெளிச்சுவரும் 1 மில்லிமீற்றர் மெலியும். அந்த வெளிச்சுவரின் புறத்தில்தான் உருளையை நிறுத்திப் பூட்டும் வெட்டுக்களும் உள்ளன என்பதை மறக்கக் கூடாது. மையங்களை வெளியே தள்ளலாமே என்றால், குழலும் குதிரையும் (பின்னாலிருந்து அடித்து வெடிக்கச் செய்யும் சுத்தியல்) பழைய இடத்திலேயே இருப்பதால் அறை அவற்றுக்கு நேராக வராது.

சுவர் மெலிகிற அதே வேளையில் சுமை கூடுகிறது. குண்டின் எடை விட்டத்தின் மும்மடிப்படி ஏறும்; 36இன் குண்டு ஏறத்தாழ 5 கிராம், 44இன் குண்டு ஏறத்தாழ 9 கிராம். அதைத் தள்ளுவதற்குக் கூடுதல் மருந்தும் வேண்டும். மெலிந்த சுவருக்குள் கூடுதல் மருந்தை அடைப்பவன் தன் விரல்களைப் பணயம் வைக்கிறான். ஒரு கொல்லன் பெயரில் இந்த வேலையை மேடையில் சொல்ல விடாதீர்கள். நல்ல கொல்லன் எவனும் அதை ஏற்றிருக்க மாட்டான்.

பதில் 2: வெள்ளவத்தை வாசகர்

மேலே ஐயா சொன்ன சிக்கலை கோல்ட் தொழிற்சாலையே சந்தித்தது என்பதுதான் இந்தக் கதையின் சுவை. உங்கள் இரண்டு படங்களும் அதன் இரண்டு கட்டங்கள்.

44 கலிபர் முதலிலேயே இருந்தது. 1847இல் வந்த வாக்கர் ரிவோல்வர் 44தான். ஆனால் அதன் எடை 2 கிலோவுக்கும் மேல், அதன் உருளைகள் சில வெடித்தும் போயின. 1851இல் வந்த நேவி 36 கலிபரில், ஏறத்தாழ 1.2 கிலோவில், இடுப்பில் அணியத்தக்கதாக அமைந்தது. அந்த எடையில் 44இன் வலுவைத் தர முடியுமா என்ற கேள்விக்கு 1860இல் ஆர்மி மாதிரி விடையானது. நேவியின் சட்டக அளவை அப்படியே வைத்துக்கொண்டு, உருளையின் முன்பகுதியை மட்டும் பருமனாக்கி, அது சுழல்வதற்குச் சட்டகத்தின் கீழ்ப்பலகையில் ஒரு படி வெட்டினார்கள். பின்பகுதி பழைய பருமனிலேயே இருந்ததால் குதிரையும் விசைப்பொறியும் மாறவில்லை. மேம்பட்ட உருக்கும் அதற்குத் துணைநின்றது. நீங்கள் பார்த்த படி அதுவே. ஆகவே படியுள்ள உருளையை 1858 நாடகத்தில் செதுக்கக் கூடாது. நேர் உருளையும் எட்டுப்பட்டைக் குழலும் கொண்ட 1851 நேவியே பொருந்தும்.

நெறியாளர் காட்டிய '1851 நேவி, 44' இக்காலத் தயாரிப்பாளர்களின் கற்பனைக் கலவை; அப்படியொரு மாதிரியை கோல்ட் அக்காலத்தில் செய்யவில்லை. அந்தப் படத்தை உற்றுப் பாருங்கள்: நேவியின் எட்டுப்பட்டைக் குழலுக்குப் பின்னால் 1860இன் படியுள்ள உருளை இருக்கும். நேர் உருளையைத் துளைத்து 44 ஆக்க முடியாது என்பதற்கு அதுவே சாட்சி.

துரைக்குப் பெரிய குண்டுதான் வேண்டுமென்றால் அவர் கொல்லனைத் தேட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் றொபேட் அடம்ஸ் 1851 முதல் செய்த ரிவோல்வர் அவருக்கு இலகுவில் கிடைத்திருக்கும். ஒரு இறாத்தல் ஈயத்தில் எத்தனை குண்டு வார்க்கலாம் என்பதே அந்நாட்டின் கணக்கு. அடம்ஸின் '54', அதாவது இறாத்தலுக்கு 54 குண்டு, ஏறக்குறைய 44 கலிபருக்குச் சமம், ஐந்து அறை மட்டுமே.

கேட்டவர்

ஐயா இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஏழு நாணயங்களை மேசையில் அடுக்கி நெறியாளருக்குக் காட்டினேன். அவர் ஒரு சொல்லும் மறுக்கவில்லை. ஆனால் பழைய ரிவோல்வர்களைப் பட்டறைகளில் மாற்றியமைத்தார்கள் என்று எங்கோ படித்த நினைவு அவருக்கு இருக்கிறது. அது வேறு கதையா?

பதில் 3: பழம்படைக்கல ஆர்வலர், தெகிவளை

அது உண்மை, ஆனால் பத்தாண்டுக்கும் மேல் பிந்திய கதை, நோக்கமும் வேறு. மருந்து, குண்டு, கேப்பு (அடித்தால் தீப்பொறி தரும் சிறு மூடி) மூன்றையும் தனித்தனியாக இடும் முறையை விட்டு, உலோகக் கோதுள்ள ரவைக்கு மாறுவதே அந்த மாற்றங்களின் நோக்கம். அதற்கு உருளையின் அறை முன்னிருந்து பின்வரை ஊடுருவித் துளைக்கப்பட வேண்டும். அந்த அமைப்பின் காப்புரிமையை ரோலின் வைட் 1855இல் பெற்று, சிமித் அண்ட் வெசன் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்திருந்ததால், 1869 வரை மற்றவர்களின் கை கட்டப்பட்டிருந்தது. அது காலாவதியான பின், 1871இல் ரிச்சர்ட்ஸ் என்பவர் பெற்ற காப்புரிமையின்படி கோல்ட் தன் 1860 ஆர்மிகளை ரவைக்கு மாற்றியது.

கலிபரையும் சேர்த்துப் பெரிதாக்கிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1868இல் ரெமிங்டன் என்ற மற்றொரு அமெரிக்க நிறுவனம், சிமித் அண்ட் வெசனுக்கு உரிமக் கட்டணம் செலுத்தி, தன் 44 ஆர்மி ரிவோல்வர்களில் ஒரு தொகுதியை 46 ரவைக்கு மாற்றிக் கொடுத்தது. பழைய உருளையைத் துளைக்கவில்லை. புதிய உருளையே செய்தார்கள். ஆறு அறைக்கு இடம் போதாமல் ஐந்து அறையோடு நிறுத்திக்கொண்டார்கள். பஞ்சிகாவத்தை ஐயாவின் நாணயக் கணக்கு ரெமிங்டனையும் விட்டுவைக்கவில்லை.

இதிலே பெயர்க் குழப்பம் ஒன்றும் பிறந்தது. 36 நேவியை ரவைக்கு மாற்றியபோது, கோதும் குண்டும் ஒரே விட்டத்தில், பழைய அறைக்குப் பொருந்தும்படி அமைந்தன. குண்டின் ஒடுங்கிய அடிப்பகுதி மட்டும் கோதுக்குள் செருகியிருந்தது. அந்த ரவைக்கு 38 என்று பெயரிட்டார்கள். பின்னாளில் குண்டு முழுவதும் கோதுக்குள் புகும்படி சிறுத்து 0.357 அங்குலமாயிற்று, பெயர் மட்டும் 38 என்றே நின்றுவிட்டது. இன்று 38 என்று சொல்லப்படும் ரிவோல்வரை அளந்து பார்ப்பவர்கள் திகைப்பது இதனாலேயே.

உங்கள் வேலைக்கு ஒரு குறிப்பு. அடம்ஸைத் தெரிவு செய்வதானால், அதன் தொடக்க மாதிரியின் குதிரையில் கட்டைவிரல் வைத்து இழுப்பதற்கான கொம்பு கிடையாது. விசையை இழுத்தாலே அது எழுந்து விழும். நடிகர் கட்டைவிரலால் குதிரையை இழுக்கும் காட்சி இருந்தால் நேவியையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

அந்தக் காட்சி இருக்கிறது. குதிரை எழும் ஓசையில்தான் கங்காணி திரும்பிப் பார்க்கிறார். ஆகவே நேவியே உறுதி. வசனத்தையும் மாற்றிவிட்டோம்: அண்டைத் தோட்டத்துரை தன் அடம்ஸின் பெரிய குண்டைப் பற்றிப் பேச, எங்கள் துரை, "உன்னுடையதில் ஐந்து, என்னுடையதில் ஆறு" என்கிறார். உருளையின் மேற்புறத்தில் ஏதோ சித்திர வேலை தெரிகிறதே, அது என்ன?

பதில் 2: வெள்ளவத்தை வாசகர்

கப்பற்போர்க் காட்சி. 1843இல் டெக்சாஸ் கடற்படை மெக்சிக்கோவுடன் கம்பேச்சேயில் பொருதியதை உருளை முழுவதும் அச்சுருட்டிப் பதித்தார்கள். 'நேவி' என்ற பெயரின் வேரும் அங்கேதான். கோடுகள் மிக மெல்லியவை, ஆழமாகச் செதுக்கினால் மரத்தில் முரடாகத் தெரியும். ஊசிமுனையால் கீறிக் கரித்தூள் தேய்த்தால் போதும். கோல்ட் 1853இல் லண்டனிலும் தொழிற்சாலை தொடங்கி, சில ஆண்டுகள் அங்கேயே நேவிகளைச் செய்தார். இலங்கைக்கு வந்த துரையின் கையில் இருப்பதற்கு அதுவே இயல்பானது என்பதால், குழலின் மேற்பட்டையில் லண்டன் முகவரியைப் பொறியுங்கள். ஒத்திகைக்குக் கொண்டுபோகும்போது மூடிய பெட்டியில் வைத்தே எடுத்துச் செல்லுங்கள். வீதியில் தூர நின்று பார்ப்பவருக்கு அது தேக்கு என்று தெரியாது.